ஒன்றிய அளவில் காசநோய் வேலை: சின்னத் தொண்டு நிறுவனம் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது?

#1 வைகைக்கரை

வணக்கம். ஒரே ஒன்றியத்துக்குள் வேலை செய்யும் அறக்கட்டளைக்காகக் கேட்கிறேன். 12 தன்னார்வலர்கள், ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் ரூபாய் உள்ளூர் நன்கொடை, வெளிநாட்டுப் பணம் கிடையாது. இந்த வருஷம் காசநோயை மட்டும் எடுத்துச் செய்வதாகத் தீர்மானம் போட்டாயிற்று. குழுவில் பாதிப் பேர் மாதா மாதம் எக்ஸ்ரே முகாம் என்கிறார்கள், மீதிப் பேர் உணவுப் பை என்கிறார்கள். வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் மைக்ராஸ்கோப் மட்டும்தான். சளியில் கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் டிரூநாட் கருவி 22 கிலோமீட்டர் தள்ளி தாலுகா ஆஸ்பத்திரியில். எங்கே கை வைத்தால் பணம் வீண்போகாது?

#2 கட்டம்கட்டி

முகாமை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தாலும் சளியில் உறுதி செய்தாக வேண்டும். அந்தச் சளி 22 கிலோமீட்டர் போகாவிட்டால் முகாமில் மிஞ்சுவது பேனரும் டீ செலவும்தான். "தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், கூலிக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம், போக வர பஸ் காசு, போனதும் "காலைச் சளி கொண்டு வந்தீங்களா" என்ற கேள்வி. பாதிப் பேர் அந்தச் சீட்டை மடித்து வைத்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் டானிக் வாங்கிக்கொள்வார்கள்.

உங்கள் வேலை அந்த 22 கிலோமீட்டர். ஆள் போக வேண்டாம், சளி டப்பா போகட்டும்.

முதலில் மாவட்ட துணை இயக்குநர் (காசநோய்) அலுவலகத்தில் கடிதம் கொடுங்கள். உங்கள் பகுதிக்கு எஸ்டிஎஸ், அதாவது முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளர் யார் என்று கேட்டு, அவரோடு சேர்ந்தே ஊருக்குள் போங்கள். டப்பா, ஃபால்கன் டியூப், படிவம் எல்லாம் அரசுக் காசநோய்த் திட்டத்திலேயே இலவசம். வெளியில் வாங்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் நிலையாக வையுங்கள், செவ்வாய், வெள்ளி மாதிரி. சனிக்கிழமை மதியம் கொண்டுபோய்க் கொடுத்தால் திங்கள் வரை ஃபிரிட்ஜில் கிடக்கும். மின்வெட்டு வந்தால் அதுவும் இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி வியர்வை, சளியில் ரத்தம். இதில் ஒன்று இருந்தாலும் அவர் பரிசோதனைக்குரியவர். முதல் நாள் சாயங்காலம் டப்பா கொடுத்துவிட்டால் மறுநாள் விடிகாலைச் சளி ஒன்று, வாங்கப் போகும்போது உடனே எடுத்தது ஒன்று, இரண்டும் கிடைக்கும். நிக்ஷய் எண், அதாவது அரசின் காசநோய்ப் பதிவுத் தளத்தில் அவருக்குத் தரும் எண், இல்லாமல் டப்பா கிளம்பக் கூடாது.

பெரும்பாலும் கோட்டை விடும் இடம் திரும்பி வரும் வழிதான். டப்பா போன தேதிக்குப் பதிவேட்டில் கட்டம் இருக்கும், லேப் வாங்கிய தேதிக்கும் இருக்கும். "முடிவு அந்த ஆளுக்குச் சொன்ன தேதி" என்று மூன்றாவது கட்டம் போடுங்கள். வாரக் கூட்டத்தில் அந்தக் கட்டம் காலியாக உள்ள பெயர்களை மட்டும் படித்தால் போதும்.

#3 லேப்ஜன்னல்

கட்டம்கட்டி சார் சொன்னது சரி. ஆனால் டப்பாவுக்குள் என்ன வருகிறது என்பதையும் பேச வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் 22 கிலோமீட்டர் எச்சில்தான் பயணம் போகும்.

தன்னார்வலர் சொல்ல வேண்டியது: வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கணும். திறந்த வெளியில், மற்றவர்களை விட்டுத் தள்ளி நிற்கணும். கழிப்பறைக்குள் வேண்டாம். இரண்டு மூன்று தடவை மூச்சை நன்றாக உள்ளிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்கணும். 2 முதல் 5 மில்லி தேவை, அரை டீஸ்பூனிலிருந்து ஒரு டீஸ்பூன் வரை என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும். கெட்டியாக, வழவழப்பாக, மஞ்சளாக இருந்தால் சளி. தண்ணீர் மாதிரி நுரைத்தால் எச்சில். எச்சில் என்றால் அங்கேயே திரும்ப எடுக்கச் சொல்லுங்கள், வாங்கி வராதீர்கள்.

பெயரையும் எண்ணையும் டப்பாவின் உடம்பில் எழுதணும். மூடியில் எழுதினால் லேபில் பத்து மூடியைக் கழற்றி வைத்த பிறகு எது யாருடையது என்று தெரியாது. மூடியை முழுசாகத் திருகி, தலைகீழாகப் பிடித்து ஒரு தடவை பாருங்கள். கசிவு வருவது பெரும்பாலும் மரை ஏறாமல் சாய்ந்து மூடின டப்பாவில்தான்.

பிறகு மூன்று அடுக்கு: டப்பாவைச் சுற்றிப் பஞ்சு, ஜிப்லாக் பை, தெர்மாகோல் பெட்டி. படிவம் ஜிப்லாக் பைக்கு வெளியே, தனி உறையில். உள்ளே வைத்துச் சளி கசிந்துவிட்டால் படிவமும் போச்சு, அதைத் தொடும் கையும் போச்சு. ஜெல் பேக் பக்கவாட்டில் இருக்கட்டும். பெட்டிக்குள் 2 முதல் 8 டிகிரி. உறையக் கூடாது.

கொட்டிவிட்டால் பதற வேண்டாம். கையுறை போட்டு, மேலே டிஷ்யூ பரப்பி, 1 சதவீத ஹைப்போகுளோரைட் ஊற்றி, கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள். பயன்படுத்திய டப்பாவை நீங்கள் அழிக்காதீர்கள், அது லேபின் வேலை.

இன்னொன்று. சிகிச்சை நடுவில் உள்ளவரின் சளியை "டிரூநாட் பண்ணிடுங்க" என்று அனுப்பாதீர்கள். செத்த கிருமியின் டிஎன்ஏவையும் அது பிடித்துக்கொள்ளும். மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பது மைக்ராஸ்கோப்பில். இரண்டு மாத முடிவில் அதில் பாசிட்டிவ் வந்தால்தான் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினைக் கிருமி எதிர்க்கிறதா என்று அடுத்த பரிசோதனை.

#4 கேள்விமேல்கேள்வி

நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். சளியை லேபுக்குக் கொண்டுபோவது அரசு வேலைதானே? அதற்கு ஆள் இல்லை, வண்டி இல்லை என்றால் ஆளும் வண்டியும் கேட்கணும். நம் பிள்ளைகள் பெட்ரோல் போட்டு இலவசமாகச் சுமந்தால் மூன்று வருஷம் கழித்து "அதான் தொண்டு நிறுவனம் பார்த்துக்கொள்கிறதே" என்று அந்தப் பணியிடமே காணாமல் போகும். நன்கொடை தீர்ந்த அன்று டப்பாவும் நிற்கும், பணியிடமும் இருக்காது. தொண்டு நிறுவனங்கள் பொது சுகாதாரத்தைத் தாங்குகின்றனவா, அது நொண்டுவது வெளியே தெரியாமல் மறைக்கின்றனவா?

#5 கட்டம்கட்டி

தோழர் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த மாதம் இருமுகிறவருக்கு அடுத்த நிதியாண்டுப் பணியிடம் உதவாது. மருந்து தொடங்காத ஒவ்வொரு வாரமும் வீட்டில் கூடப் படுக்கும் குழந்தைக்கு ஆபத்து. அதனால் செய்துகொண்டே கேட்கணும். கேட்பதற்கு உங்கள் பதிவேடுதான் ஆயுதம். "ஆறு மாதத்தில் இத்தனை டப்பா, இத்தனை கிலோமீட்டர், முன்பு முடிவு வர இத்தனை நாள், இப்போது இத்தனை நாள்" என்று மார்ச் 22 கிராம சபையில் ஒரு தாளாகக் கொடுங்கள். இரண்டு நாள் கழித்து 24 உலகக் காசநோய் நாள், எந்த அதிகாரியாலும் அந்த வாரம் தட்டிக்கழிக்க முடியாது.

கேரளத்து வலிதணிப்பு வேலையைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோட்டில் ஒரு சங்கமாகத் தொடங்கி, பிறகு ஊர் ஊராகத் தன்னார்வலர் குழுக்களாகப் பரவியது. 2008இல் மாநில அரசே அதற்குக் கொள்கை போட்டு, வீடு தேடிப் போகும் நர்ஸ் பணி உள்ளாட்சி வழியாக நடக்கத் தொடங்கியது. தொண்டர்கள் ஒதுங்கிப் போகவில்லை, ஆனால் சம்பளமும் மருந்தும் அரசுப் பொறுப்பாயிற்று. அந்தக் கைமாற்றம் தானாக நடக்காது. முதல் நாள் ஒப்பந்தத்திலேயே எழுதணும்.

#6 கணக்குவழக்கு

ஒப்பந்தம் என்று வந்ததால் நானும் கொஞ்சம்.

வெளிநாட்டுப் பணம் இல்லாதது உங்களுக்கு நிம்மதி. வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு அமைப்பு தான் வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரக் கூடாது. நிர்வாகச் செலவு வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகிவிட்டது. "எங்களுக்கு வெளியிலிருந்து வருது, உங்களுக்குப் பிரித்துத் தர்றோம்" என்று பெரிய அமைப்பு எதுவும் சொன்னால் கும்பிட்டு அனுப்புங்கள். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி வேண்டுமென்றால் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவு, சிஎஸ்ஆர்-1 படிவம், மூன்று வருஷ வேலை அனுபவம் மூன்றும் கையில் இருக்கணும்.

மாவட்டத்தோடு போடும் ஒப்பந்தத்தில் இவை இல்லாமல் கையெழுத்து வேண்டாம்: எந்தெந்த ஊராட்சி, டப்பாவும் படிவமும் யார் தருவது, மாதம் எந்தத் தேதியில் ஆய்வு, நோயாளி விவரத்தை யார் யார் பார்க்கலாம், தன்னார்வலருக்கு நோய் வந்தால் யார் பொறுப்பு, எப்போது, யாரிடம் ஒப்படைப்பது, விலக மூன்று மாத முன்னறிவிப்பு.

அரசு பணம் தரும் திட்டங்களில், குறிப்பாகத் தனியார் டாக்டர்களைத் தேடிப் போய் அவர்களிடம் வரும் காசநோயாளிகளைப் பதிவு செய்யும் முகமைப் பணியில், வேலை முடிந்து சரிபார்த்த பிறகுதான் காசு. அதுவரை ஊழியர் சம்பளம் உங்கள் கைக்காசு. ஆறு மாதச் சம்பளம் வங்கியில் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். இரண்டு மாதம் சம்பளம் தவறினால் ஊழியர் போய்விடுவார், அவர் பிடித்து வைத்த டாக்டர் தொடர்பும் கூடவே போய்விடும்.

#7 ஊர்செவிலி

உணவுப் பை பற்றி யாருமே சொல்லலை. அது வேண்டாத வேலை இல்லை தம்பி. ஆனால் எல்லாரும் அரிசிப் பை கொடுத்துப் போட்டோ எடுக்கிறாங்க. நம்ம ஊரில் அரிசி கார்டு இருந்தா ரேஷனில் அரிசி இலவசம். இல்லாதது புரதம்.

ஜார்க்கண்டில் நாலு மாவட்டத்தில் செய்த ஆய்வு 2023இல் வந்தது. நோயாளிக்கு மாதம் 10 கிலோ உணவுப் பொருள், கூட இருக்கிற குடும்பத்துக்கும் தனியாகக் கொடுத்தாங்க. குடும்பத்தில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைஞ்சது. முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை ஏறினவங்களில் சாவு ரொம்பக் குறைவு. அதனால் பையை நோயாளிக்கு மட்டும்னு நிறுத்தாதீங்க.

என் கணக்கு இது. ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒரு முட்டை, 50 கிராம் பொட்டுக்கடலை, ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் நிலக்கடலை. முட்டையில் 6, பொட்டுக்கடலையில் 11, நிலக்கடலையில் 7, மொத்தம் 24 கிராம் புரதம். மாதத்துக்கு 30 முட்டை, ஒன்றரைக் கிலோ பொட்டுக்கடலை, ஒரு கிலோ நிலக்கடலை. சந்தை விலையில் சுமார் 500 ரூபாய். முட்டையை மொத்தமாகக் கொடுக்காமல் வாரம் ஏழுன்னு கொடுத்தா அந்தச் சாக்கில் வாரம் ஒரு தடவை ஆளைப் பார்க்கலாம். நான் முட்டையைச் சொல்றதே அதுக்காகத்தான். பையைக் கொடுத்துட்டு மாத்திரை அட்டையையும் ஒரு பார்வை பார்த்துடலாம்.

வெளியூர்த் தொழிலாளிக்குக் கார்டு கையில் இருக்காது. அவங்களுக்கு மட்டும் அரிசி பருப்பு சேர்த்துக் கொடுங்க. "ஒரே நாடு ஒரே ரேஷன்" இருக்குன்னு சொல்லி அனுப்பினா மட்டும் போதாது, கடை வரைக்கும் கூடப் போங்க.

#8 கணக்குவழக்கு

அக்கா சொன்னதோடு, சத்துணவுக்காக நோயாளிக்கு அரசு தரும் பணத்தையும் பார்க்கணும். 2018 ஏப்ரலில் மாதம் 500 என்று தொடங்கியது. 2024 நவம்பரிலிருந்து 1,000. சிகிச்சை தொடங்கும்போது 3,000, 84 நாள் முடிந்ததும் 3,000.

இது வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் வங்கிக் கணக்கில் இருக்கும். பல மாதம் தொடாத கணக்கு முடங்கியிருக்கும். வங்கிகள் இணைந்தபோது பழைய ஐஎஃப்எஸ்சி எண் செத்திருக்கும், பாஸ்புக்கில் மட்டும் உயிரோடு இருக்கும். ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ்புக்கில் வேறு எழுத்து. ஒரே கணக்கைக் கணவன் மனைவி இரண்டு நோயாளிக்கும் கொடுத்திருப்பார்கள். தன்னார்வலர் நோயாளியோடு வங்கிக்கு ஒரு நாள் போய் வந்தால் 6,000 ரூபாய் வருகிறது. உங்கள் 500 ரூபாய்ப் பையில் ஒரு வருஷப் பை அது.

#9 கட்டம்கட்டி

எடை பற்றி ஊர்செவிலி அக்கா தொடங்கியதை நீட்டுகிறேன், ஏனென்றால் சாவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின் சாரமே, நோய் தெரிந்த அன்றே யார் ஆபத்தில் இருக்கிறார் என்று பிரிப்பதுதான். மெஷின் எதுவும் பெரிதாக வேண்டாம். எடை மெஷின், உயர அளவுகோல், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், கடிகாரம். பிஎம்ஐ, அதாவது உயரத்தை வைத்து எடையைப் பார்க்கும் அளவு, 14 அல்லது அதற்குக் கீழ். 16 வரை இருந்து காலில் வீக்கம். மூச்சு நிமிஷத்துக்கு 24க்கு மேல். ஆக்சிஜன் 94க்குக் கீழ். பிடிமானம் இல்லாமல் நிற்க முடியவில்லை. இதில் ஒன்று இருந்தாலும் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது, டாக்டர் பார்த்து அட்மிஷன் முடிவு செய்யணும்.

36 கிலோ, 162 சென்டிமீட்டர் ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். 36ஐ 1.62ஆல் இரண்டு தடவை வகுத்தால் 13.7. நடந்து வந்தார், பேசினார், "கொஞ்சம் சோர்வு" என்றார். கண்ணால் பார்த்தால் வழக்கமான ஒல்லி ஆள். கணக்குப் போட்டால் ஆபத்துப் பட்டியல். உயரம் எடுக்காத இடத்தில் இவர் தப்பிவிடுவார். ஆஸ்பத்திரிச் சுவரில் டேப் ஒட்டியிருக்கிறதா, தரையிலிருந்து சரியாகத் தொடங்குகிறதா என்று பாருங்கள். தரை டைல்ஸ் மாற்றிய இடங்களில் அளவு பிசகியிருக்கும்.

உங்கள் பங்கு அட்மிஷனுக்குப் பின்னால். கூட இருக்க ஆள் இல்லை, ஆடு மாட்டைப் பார்க்க ஆள் இல்லை, குடிக்காமல் ராத்திரி தாங்காது. இந்த மூன்றில் ஒன்றால்தான் மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டு வெளியே வந்துவிடுவார்கள். துணைக்கு ஆள் போடுவது எந்த அரசாணையிலும் வராது. தொண்டு நிறுவனத்தால் முடியும்.

#10 மருந்துச்சீட்டு

மாத்திரைக்கும் எடைதான் அளவு. பல மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை தினமும் 25 முதல் 34 கிலோவுக்கு 2, 35 முதல் 49 வரை 3, 50 முதல் 64 வரை 4, 65 முதல் 75 வரை 5. செருப்பு, செல்போன், சுருக்குப்பையோடு ஏறி நின்று 34 கிலோ ஆள் 35 ஆகிவிட்டால் ஒரு மாத்திரை கூடிவிடும். வாந்தி எடுப்பார், நிறுத்துவார், "ஒத்துக்கலை" என்பார்.

முதல் 56 நாள் நாலு மருந்து, அடுத்த 112 நாள் பைரசினமைடு இல்லாமல் மூன்று. தன்னார்வலர் மனதில் வைக்க வேண்டியது: சிறுநீர் ஆரஞ்சாகப் போவது சகஜம், முதல் நாளே சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்து நிறுத்துவார். கண் மஞ்சள், விடாத வாந்தி என்றால் மருந்தை நிறுத்தி அன்றே டாக்டரிடம். பார்வை மங்கல், நிறம் பிரித்துத் தெரியவில்லை என்றால் எத்தாம்பியூட்டால் காரணமாக இருக்கலாம், அதுவும் அன்றே. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு ரிஃபாம்பிசின் அதன் வேலையைக் குறைத்துவிடும், வேறு முறைக்குச் செவிலியரிடம் அனுப்புங்கள். எச்ஐவி மருந்து எடுப்பவர் இரண்டு இடத்து டாக்டரிடமும் சொல்லியிருக்கிறாரா என்று கேளுங்கள்.

மருந்தை நீங்கள் வாங்கி இருப்பு வைக்க வேண்டாம். 2024 மார்ச்சில் தட்டுப்பாடு வந்து, மாநிலங்கள் உள்ளூரில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒன்றிய அரசு கடிதம் போட்ட காலத்திலும் சின்ன அமைப்புகளின் சரியான வேலை ஒன்றுதான்: எந்த மையத்தில் எத்தனை நாள் இருப்பு என்று வாரா வாரம் கேட்டு, குறைந்தால் எழுத்தில் கொடுப்பது.

#11 கேள்விமேல்கேள்வி

சரி, வேலை புரிகிறது. ஆனால் யாருமே தொடாத விஷயம் ஒன்று. நோயாளி பெயர், போன் நம்பர், தெரு எல்லாம் தன்னார்வலர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றும். உணவுப் பையில் அமைப்பின் பெயரோடு "காசநோய் இல்லா" என்று பெரிதாக அச்சடித்திருக்கும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற வீட்டுக்கு அந்தப் பையோடு போய் நின்றால் நீங்கள் செய்வது உதவியா?

#12 ஊர்செவிலி

நூத்துக்கு நூறு சரி. மஞ்சப்பை போதும், எழுத்து வேண்டாம். போட்டோ வேண்டவே வேண்டாம். நன்கொடையாளருக்குப் பில்லை அனுப்புங்க, முகத்தை அனுப்பாதீங்க. குழுவில் நிக்ஷய் எண்ணோட கடைசி நாலு இலக்கம் மட்டும். உதவி வாங்கிக்க நோயாளியோட சம்மதத்தை நிக்ஷயிலேயே பதியணும், வேண்டாம்னு சொன்னா வற்புறுத்தக் கூடாது.

தனித் தட்டு, தனி டம்ளர் பேச்சு வந்தா வீட்டாரிடம் பழைய சேதி ஒன்று சொல்லலாம். இதே மெட்ராஸில் 1956இல் தொடங்கின மையத்தில் செய்த ஆய்வு, 1959இல் வந்தது. வீட்டில் வைத்து மருந்து கொடுத்தவங்களையும் சானடோரியத்தில் சேர்த்தவங்களையும் ஒப்பிட்டாங்க. வீட்டில் இருந்ததால் கூட இருந்தவங்களுக்கு நோய் கூடுதலா வரலை. உலகம் முழுக்க வீட்டுச் சிகிச்சைக்கு மாறினது அதுக்கப்புறம்தான். நோய் தட்டில் ஒட்டாது, காற்றில்தான் வரும். ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்க. வீட்டில் உள்ள எல்லாருக்கும் பரிசோதனை, நோய் இல்லைன்னு உறுதியானா தடுப்பு மருந்து. வாரம் ஒரு தடவைன்னு 12 வாரம் கொடுக்கிற முறையும் இருக்கு. அஞ்சு வயசுக்குக் கீழே குழந்தை இருந்தா அந்த வீட்டுக்கு முதலில் போங்க.

#13 வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. குழுவில் பேசிவிட்டேன். இரண்டு ஊராட்சியில் டப்பா வேலையோடு தொடங்குகிறோம், மொத்தம் சுமார் 6,000 பேர். மாதம் எத்தனை டப்பா வரும் என்று எதிர்பார்க்கலாம்? பைக் ஒன்று போதுமா?

#14 கட்டம்கட்டி

காசநோய் இல்லா ஊராட்சி என்று சான்று தர அரசு வைத்துள்ள அளவு ஆயிரம் பேருக்கு வருஷத்தில் 30 பேருக்காவது பரிசோதனை. 6,000க்கு 180. மாதம் 15 பேர், ஓட்டத்துக்கு இரண்டு பேர் மாதிரி. பைக் ஒன்று தாராளம்.

அதே சான்றுக்கு இன்னொரு அளவும் உண்டு: நோயாளி எண்ணிக்கை ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. தேடாமல் இருந்தாலும் அந்த எண் குறையும், கவனமாக இருங்கள். ஊராட்சித் தலைவர் சான்றுக்கு ஆசைப்பட்டு "புது கேஸ் இப்ப வேணாம், ஜனவரியில் பதியலாம்" என்று சொன்னால் அந்த இடத்தில்தான் உங்கள் மூன்றாவது கட்டம் உதவும். முடிவைச் சொன்ன தேதி அதில் மையால் எழுதியிருக்கும்.

#15 லேப்ஜன்னல்

பைக்கில் பெட்டியைப் பின்சீட்டில் படுக்க வைத்துக் கட்டாதீர்கள். நிமிர்ந்து நிற்கணும். ஜெல் பேக் இரண்டு செட் வாங்குங்கள், ஒரு செட் ஓடும்போது இன்னொன்று முந்தின ராத்திரியே ஃபிரீசரில் இருக்கணும். அந்த ஃபிரீசர் யார் வீட்டுச் சமையலறையிலும் இருக்க வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள்.